பிணையில் வந்த மூன்றாம் நாள்: வன்னியிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

இங்கே தரப்படுவது தனியொருவருடைய கதையன்று. வன்னி வைத்தியசாலைகளில் எதிர்ப்படக்கூடிய நிலைமைகளைக் கொண்டு, எவரையும் அடையாளம் காணமுடியாதவாறு அமைக்கப்பட்ட ஒரு தொகுப்பு நிகழ்வாகவே இதனை வாசிக்க வேண்டும். மருந்தியல், சட்டம், பிறநாட்டு அனுபவம் ஆகியவை தொடர்பாகச் சொல்லப்படுபவை மட்டும் உள்ளவை உள்ளபடியே.

நோயாளியின் பின்னணி

34 வயதுடைய மேசன் தொழிலாளி. ஏ9 வீதியிலிருந்து கிழக்கே உள்ளொதுங்கிய ஒரு குடியேற்றத் திட்டத்தில் தாயுடன் வசிப்பவர். 2009 இல், 19 வயதில், இடது தொடையின் பின்புறம் செல் (எறிகணை) துண்டுகள் பாய்ந்தன. பெரிய துண்டு அகற்றப்பட்டது. அங்கே ஓடும் பெரிய நரம்பை ஒட்டிக்கிடந்த சிறு துண்டுகளை எடுப்பது காலையே முடமாக்கக்கூடும் என்பதால் அவை அப்படியே விடப்பட்டன. பகலில் வேலை செய்யும்போது பொறுத்துக்கொள்ளக்கூடியதாக இருந்த நோவு, இரவில் பாதம்வரை இறங்கி எரிவாக மாறும். பரசிற்றமோலுக்கும் டைக்குளோபினாக்குக்கும் அது அடங்கவில்லை. சில ஆண்டுகளின் பின் ஒரு கிளினிக்கில் ஓபியொயிட் எனப்படும் அபின்வகை நோவுதணிப்பிகளுள் ஒன்றான ட்ரமடோல் 50 மில்லிகிராம் குளிசை, காலையும் இரவும் ஒவ்வொன்றாக, எழுதிக் கொடுக்கப்பட்டது. அது வேலை செய்தது.

இந்த இடத்தில் வாசகர் அவசரப்பட்டு மருத்துவரைக் குறைசொல்லக்கூடாது என்பது என் கருத்து. நோவு உண்மையானது, மருந்தும் பொருத்தமற்றதன்று. தொடர்ந்து பார்க்க ஆளில்லாமற் போனதுதான் குறை. கிளினிக்குக்கு ஒரு நாள் வருவதென்றால் ஒரு நாட்கூலி போய்விடும். பேருந்து காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று. அவர் வருவதை நிறுத்தினார். பழைய கிளினிக் கொப்பியைக் காட்டியும், பின்னர் எதையும் காட்டாமலும், கடையில் குளிசை வாங்கினார். இரண்டு நான்காகி, நான்கு பத்தாகியது. ஒரு நாளுக்கு 400 மில்லிகிராமுக்கு மேல் கொடுக்கக்கூடாத மருந்தை 500 மில்லிகிராம்வரை எடுத்துவந்த காலத்தில், வேலைத்தலத்தில் ஒருமுறை வலிப்பு வந்து சாரத்திலிருந்து விழுந்திருக்கிறார். ட்ரமடோல் அளவுமீறினால் வலிப்பை உண்டாக்கும் என்பது அன்று அவருக்கோ உடனிருந்தவர்களுக்கோ தெரிந்திருக்கவில்லை. காக்கைவலிப்பு என்றே வீட்டில் நம்பினார்கள்.

கடைகளில் கெடுபிடி வந்து குளிசை கிடைப்பது அருகியபோது, கூடவேலை செய்த ஒருவர் மூலம் அதே ஓபியொயிட் வகையைச் சேர்ந்த ஹெரோயின் அறிமுகமாயிற்று. இலங்கையில் ஹெரோயினைப் பயன்படுத்துவோரில் மிகப் பெரும்பாலானோர் அதை ஊசியாக ஏற்றுவதில்லை. வெள்ளித்தாளில் வைத்துச் சூடாக்கிப் புகையை உள்ளிழுக்கிறார்கள். இவரும் அவ்வாறே. ஊசியோடு ஒப்பிடுகையில் புகைத்தலில் மிகையளவு மரணம் குறைவு என்பது உண்மை. ஆனால் அந்த உண்மையே, "ஊசி போட்டால்தான் ஆபத்து" என்ற தவறான தைரியத்தையும் ஊரில் வளர்த்து வைத்திருக்கிறது.

ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளின் பின், சிறு அளவு ஹெரோயினுடன் கைதாகி விளக்கமறியலில் வைக்கப்பட்டார். அங்கே முதல் 5 நாட்கள் உடல் முறிவு, வயிற்றோட்டம், மயிர்க்கூச்செறிவு, நித்திரையின்மை. மருந்தேதும் கிடைக்கவில்லை, மற்றக் கைதிகள்தான் தண்ணீர் பருக்கியிருக்கிறார்கள். 7 வாரங்களின் பின் பிணை கிடைத்தது. வீட்டுக்கு வந்தபோது உடம்பு தேறி, முகம் தெளிந்திருந்ததாகத் தாய் சொன்னார். கோயிலில் நூல் கட்டினார்கள்.

மூன்றாம் நாள்

பிணையில் வந்த மூன்றாம் நாள் இரவு, தன் வீட்டில் அல்லாமல் மச்சானுடைய கச்சான் தோட்டத்துக் கொட்டிலில், முன்பு ஒரு தடவைக்கு எடுத்துவந்த அதே அளவை எடுத்திருக்கிறார். அதற்கு முன் சாராயமும், கால் எரிவுக்கென்று யாரோ கொடுத்த பிரிகபலின் குளிசை இரண்டும் உள்ளே போயிருந்தன.

மச்சான் பக்கத்திலேயே படுத்திருந்தார். விடியப்புறம் அவர் எம்மிடம் சொன்னது: "நல்லாக் குறட்டை விட்டுக்கொண்டு கிடந்தவன் டொக்டர். உள்ளுக்க இருந்து வந்து நித்திரையே இல்லாமல் திரிஞ்சவன், கொஞ்சம் கொள்ளட்டும் எண்டு நான் எழுப்பேல்ல."

மிகையளவில் கேட்கும் குறட்டை நித்திரைக் குறட்டையன்று. நாக்கும் தொண்டைத் தசைகளும் தளர்ந்து மூச்சுப்பாதையை அடைக்க, இடைவெளி விட்டு, ஆழத்திலிருந்து இழுபடும் ஒலி அது. தட்டி எழுப்பினால் நித்திரைகொள்பவர் எழும்புவார், இவர் எழும்பமாட்டார். விடிந்து உதடு நீலம்பாரித்திருப்பதைக் கண்ட பிறகுதான் மச்சான் ஆட்களைக் கூப்பிட்டார். தலையில் தண்ணீர் ஊற்றினார்கள், உச்சியில் தேசிக்காய் தேய்த்தார்கள், மோர் பருக்க முயன்றார்கள். அந்த மோரின் ஒரு பகுதி நுரையீரலுக்குள் போயிற்று என்பதைப் பின்னர் எக்ஸ்ரே காட்டியது. 1990 என்ற அவசர எண்ணில் அம்புலன்சை அழைக்கவில்லை. அழைத்தால் பொலிசும் சேர்ந்து வரும் என்று பயந்தார்கள். ஓட்டோ ஒன்று பிடித்து வந்து சேர ஏறக்குறைய முக்கால் மணித்தியாலம் ஆயிற்று.

வைத்தியசாலையில்

வந்தபோது சுவாசம் நிமிடத்துக்கு 5. குருதியில் ஒட்சிசன் செறிவு 64 வீதம். கண்மணிகள் இரண்டும் ஊசிமுனையளவு. வலி கொடுத்தால் கை மெதுவாக மடங்கியதே தவிரக் கண் திறக்கவில்லை. குருதி வெல்லம் 108, அதில் குறையில்லை. இந்த மூன்று அறிகுறிகளும், அதாவது மந்தமான சுவாசம், சுருங்கிய கண்மணி, நினைவிழப்பு ஆகியன சேர்ந்து வந்தால், சிறுநீர்ப் பரிசோதனைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

முதலிற் செய்தது ஊசியன்று. தாடையை உயர்த்தி, அம்பு பாக் எனப்படும், கையால் அமுக்கும் பை கொண்டு மூச்சு ஊட்டினோம். ஓபியொயிட் கொல்வது மூச்சை நிறுத்தியே என்பதால், மூச்சை நாம் கொடுத்துக்கொண்டிருக்கும்வரை ஊசிக்கு நேரம் உண்டு. அதன்பின் ஓபியொயிட்டின் செயலை முறிக்கும் மருந்தான நலொக்சோன் 400 மைக்ரோகிராம் உள்ள குப்பியொன்றைச் சேலைன் கலந்து 10 மில்லிலீற்றராக்கி, ஒரு தடவைக்கு 2 மில்லிலீற்றர் வீதம் நாளத்தில் ஏற்றினோம். மூன்றாவது தடவையில், மொத்தம் 240 மைக்ரோகிராமில், சுவாசம் 14 ஆகியது. முழுக்குப்பியையும் ஒரேயடியாக ஏற்றியிருந்தால் விழித்திருப்பார்தான். ஆனால் ஓபியொயிட்டுக்குப் பழகிய உடம்பில் அது கடுமையான விலகல் துன்பத்தை, அதாவது மருந்து திடீரென நின்றால் உடம்பு படும் அவதியைக் கிளப்பி, வாந்தியெடுக்கவைத்து, கையை உதறிக்கொண்டு வெளியேறவும் வைக்கும். நோயாளி எழுந்து பேசவேண்டும் என்பது இலக்கல்ல. மூச்சுவிட வேண்டும் என்பதே இலக்கு. அன்று அவர் ஏற்கெனவே தாங்குதிறனை, அதாவது பழக்கத்தால் வந்த தாங்கும் சக்தியை, இழந்திருந்தார் என்பது எமக்கு இன்னும் தெரியாது.

விளக்கமறியல் விபரத்தைத் தாய் சொன்னது அரை மணித்தியாலம் கழித்துத்தான். கையில் ஒரு கடைப் பை. அதற்குள் உக்கிப்போன பழைய கிளினிக் கொப்பியும் பிணைப் பத்திரத்தின் பிரதியும் ஒன்றாகவே இருந்தன.

50 நிமிடங்களில் சுவாசம் மீண்டும் 7 ஆகக் குறைந்தது. நலொக்சோனின் செயல் பொதுவாக 30 முதல் 90 நிமிடங்கள்வரையே நிற்கும். ஹெரோயின் உடம்பில் மோர்பினாக மாறி அதைவிட நீண்ட நேரம் தங்கும். ஊசி போட்டவுடன் கண்விழித்தவரை "சரியாகிவிட்டது" என்று கையொப்பம் வாங்கி வீட்டுக்கு விடுவது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இந்த 50 நிமிடமே போதிய சான்று. முன்னர் பலனளித்த அளவின் மூன்றில் இரண்டு பங்கை, அதாவது மணித்தியாலத்துக்கு 160 மைக்ரோகிராமை, தொடர்ந்து ஏற்றும்படி அமைத்தோம். மாலைவரை அது தேவைப்பட்டது. பிரிகபலினுக்கும் சாராயத்துக்கும் நலொக்சோன் எதுவும் செய்யாது என்பதால், சுவாசம் சீரான பின்னரும் மயக்கம் நீடித்தது. சிறுநீர்ப் பட்டைப் பரிசோதனை மோர்பினைக் காட்டியது. ட்ரமடோல் போன்ற செயற்கை ஓபியொயிட்டுகளை அந்தப் பட்டை காட்டாது. ஆகவே பட்டை வெறுமையாக இருந்தாலும் நச்சு இல்லையென்று முடிவுகட்ட முடியாது.

வலது நுரையீரலின் அடிப்பகுதியில் ஏற்பட்ட நியுமோனியாவுக்கு நுண்ணுயிர்க்கொல்லி கொடுக்கப்பட்டது. ஆறாம் நாள் வீடு சென்றார்.

தாங்குதிறன் வருவதும் போவதும்

ஒரே அளவு மருந்து நாளடைவில் குறைந்த பலனைத் தருவதையே தாங்குதிறன் என்கிறோம். இது உடம்பு முழுவதும் ஒரே வேகத்தில் வருவதில்லை. கிறக்கத்துக்கும் நோவுதணிப்புக்கும் விரைவாக வருகிறது. மூச்சு மந்தமாவதற்கு எதிராக மெதுவாகவும் அரைகுறையாகவும் வருகிறது. கண்மணி சுருங்குவதற்கும் மலச்சிக்கலுக்கும் பெரும்பாலும் வருவதேயில்லை. பழைய சுகத்தைத் தேடி அளவை ஏற்றும் ஒருவருக்கு, சுகம் தரும் அளவுக்கும் மூச்சை நிறுத்தும் அளவுக்கும் இடையிலான வெளி ஒடுங்கிக்கொண்டே வருகிறது. சாதாரணமாகக் குருதியில் காபனீரொட்சைட்டு கூடினால் மூளைத்தண்டு உடனே மூச்சைத் துரிதப்படுத்தும். ஓபியொயிட் அந்தத் தூண்டலையே மழுக்கிவிடுகிறது. சாராயமும் பிரிகபலினும் வேறு வழியால் அதே இடத்தை அமுக்குகின்றன.

நிறுத்தினால் இத்தாங்குதிறன் நாட்கணக்கிலும் வாரக்கணக்கிலும் கரைந்துவிடும். உடம்பு பழைய நிலைக்குத் திரும்பியபின்னும், எவ்வளவு எடுத்தால் போதும் என்ற கைப்பழக்கம் அப்படியே இருக்கிறது. 7 வாரங்களுக்கு முன் இவருக்கு ஒரு வேளைக்குப் போதாத அளவு, இன்று இவரைக் கொல்லப்போதுமான அளவாகியிருந்தது.

வொஷிங்டன் மாநிலச் சிறைகளிலிருந்து விடுதலையான 30,000 க்கும் மேற்பட்டோரைப் பின்தொடர்ந்து 2007 இல் வெளியான ஆய்வொன்றில், விடுதலைக்குப் பின்னான முதல் 2 வாரங்களில் மிகையளவால் இறக்கும் ஆபத்து, பொதுமக்களோடு ஒப்பிடுகையில் 129 மடங்காகக் காணப்பட்டது. சிறையை மட்டும் குற்றஞ்சாட்டவும் முடியாது. 2003 இல் பிரித்தானியாவில் வெளியான ஒரு சிறிய ஆய்வில், வைத்தியசாலையில் தங்கி நச்சுநீக்கம் பெற்ற 137 பேரில் நான்கு மாதங்களுக்குள் மிகையளவால் இறந்த மூவரும் சிகிச்சையை முழுமையாக முடித்து, தாங்குதிறனை இழந்து வெளியேறியவர்களே. மூவர் என்பது சிறிய எண்ணிக்கைதான். அதிலிருந்து அதிகம் பிழிந்தெடுக்கக் கூடாது. ஆயினும், "சுத்தமாகி வந்தவன்" என்று வீடும் ஊரும் நிம்மதியடையும் காலமே மிக அபாயமான காலம் என்பது, சிறையிலும் வைத்தியசாலையிலும் ஒன்றுபோலவே தெரியவருகிறது.

இடத்துக்கும் ஒரு பங்கு உண்டு. உளவியலாளர் ஷெப்பர்ட் சீகலும் சகாக்களும் 1982 இல் வெளியிட்ட ஆய்வில், ஹெரோயினுக்குப் பழக்கப்பட்ட எலிகளுக்குப் பழகிய இடத்தில் பெரிய அளவு கொடுத்தபோது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கும், அதே அளவைப் புதிய இடத்தில் கொடுத்தபோது ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கும் இறந்தன. பழகிய சூழலைக் கண்டவுடனேயே உடம்பு எதிர்வினைக்கு ஆயத்தமாகிவிடுகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். கச்சான் தோட்டத்துக் கொட்டிலுக்கும் இவருடைய நிலைக்கும் அப்படியொரு தொடர்பு இருந்ததா என்பதை நிறுவ வழியில்லை; 7 வார இடைவெளியும் சாராயமும் பிரிகபலினுமே போதிய காரணங்கள்.

சட்டம் நிற்கும் இடம்

இலங்கையில் இவ்விடயத்தை ஆள்வது 1929 ஆம் ஆண்டின் நஞ்சு, அபின் மற்றும் அபாயகர ஒளடதங்கள் கட்டளைச் சட்டம். 1984 ஆம் ஆண்டுத் திருத்தம் 2 கிராம் அல்லது அதற்கு மேற்பட்ட ஹெரோயினுக்கு மரண தண்டனை அல்லது ஆயுட்சிறை என்றது. 2022 திருத்தம் ஐஸ் (மெதம்பெட்டமின்) போதைப்பொருளையும் அந்த வரிசையிற் சேர்த்தது. 1976 இன் பின் இந்நாட்டில் தூக்கு நிறைவேற்றப்படவில்லை. 2019 இல் போதைப்பொருள் குற்றவாளிகள் நால்வருக்கு அதை நிறைவேற்ற அன்றைய ஜனாதிபதி முயன்றபோது உயர் நீதிமன்றம் இடைநிறுத்தியது. 2023 டிசம்பரில் போதைப்பொருளுக்கெதிராகப் பொலிசார் தொடங்கிய யுக்திய நடவடிக்கையில் பல்லாயிரம் பேர் கைதானார்கள். 2024 ஜனவரியில் ஐக்கிய நாடுகளின் மனித உரிமை நிபுணர்கள் அதை நிறுத்தி மீளாய்வு செய்யும்படி கோரினர். சிகிச்சைக்கென்று 2007 ஆம் ஆண்டின் 54 ஆம் இலக்கச் சட்டமும், 2023 ஆம் ஆண்டின் புனர்வாழ்வுப் பணியகச் சட்டமும் உண்டு. இவ்விரண்டிலும் கட்டாயத்தின் நிழல் கனமாகவே விழுகிறது. போருக்குப் பின் முன்னாள் போராளிகளைத் தடுத்துவைத்த அதே பணியகம்தான் இன்று போதைக்கு அடிமையானவர்களையும் பொறுப்பேற்கிறது என்பதால், வன்னியில் ஒரு தாய் தன் மகனைத் தானாகவே அங்கு கொண்டுபோய் விடுவாள் என்று எதிர்பார்ப்பது கடினம்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பாடசாலை மதிலோரம் பொட்டலம் விற்கப்படுவதைக் கண்ட அதிபரும், தாலிக்கொடியை அடகில் இழந்த மனைவியும் கடுமையான சட்டத்தைக் கேட்பதில் தவறில்லை. கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டங்களில் எழும் அந்தக் கோபத்தை, "விழிப்புணர்வு இல்லாத மக்கள்" என்று படித்தவர்கள் தள்ளிவிடுவதுதான் சீர்திருத்தத்துக்குப் பெரிய தடை. கடத்துபவர் குற்றவாளியாகவே இருக்கட்டும். கேள்வி பாவிப்பவரைப் பற்றியது.

போர்த்துக்கல் 2001 ஜூலையிலிருந்து 10 நாள் பாவனைக்குரிய அளவுவரை வைத்திருப்பதைக் குற்றவியல் நீதிமன்றத்திலிருந்து அகற்றி, சட்டம், சுகாதாரம், சமூகசேவை சார்ந்தோர் அமர்ந்த ஆணைக்குழுக்களிடம் ஒப்படைத்தது. அத்தோடு சிகிச்சை நிலையங்களையும் ஹெரோயினுக்கு மாற்றாக மேற்பார்வையில் கொடுக்கப்படும் மெதடோன் வழங்கலையும் விரிவாக்கியது. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலம் 2020 இல் வாக்கெடுப்பின் மூலம் தண்டனையை முதலில் அகற்றியது. சிகிச்சைக்கான ஏற்பாடு பின்தங்கியது, 100 டொலர் அபராதச் சீட்டைப் பெற்றவர்களில் மிகச் சிலரே உதவி எண்ணை அழைத்தார்கள். அதே காலத்தில் மிகுந்த வீரியமுள்ள செயற்கை ஓபியொயிட்டான பென்ரனைலும் அங்கே பரவியதால் மரணங்கள் கூடியதற்கு எது காரணம் என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் உடன்படவில்லை. 2024 செப்டெம்பரில் போதைப்பொருள் உடைமை, அதாவது வைத்திருத்தல், மீண்டும் குற்றமாயிற்று. பிரான்ஸ் சட்டத்தில் கைவைக்காமலேயே, 1995 இலிருந்து பொது மருத்துவர்கள் மெதடோனைப் போன்ற மாற்று மருந்தான பியூப்ரநோர்பின் எழுதிக்கொடுக்க அனுமதித்தது. அடுத்த சில ஆண்டுகளில் மிகையளவு மரணங்கள் ஐந்திலொன்றாகச் சரிந்தன.

எனக்கு இவற்றுள் பிரான்ஸின் அனுபவமே இங்கு மிக அண்மையானதாகப் படுகிறது. குற்றமா நோயா என்ற விவாதம் கொழும்பில் முடிய இன்னும் பல ஆண்டுகள் ஆகலாம். அதுவரை காத்திராமல் செய்யக்கூடியவை, விளக்கமறியலின் உள்வாசலிலும் வெளிவாசலிலும் இருக்கின்றன. உள்ளே போகும் நாளில், இவர் ஓபியொயிட்டுக்குப் பழகியவரா என்று ஒருவர் கேட்டு எழுதிவைக்க வேண்டும். வெளியே வரும் நாளில், தாங்குதிறன் போய்விட்டது, பழைய அளவு இனி உயிரெடுக்கும் என்பதைக் கைதியிடமும் வீட்டாரிடமும் பச்சையாகச் சொல்ல வேண்டும். சொன்னால் தூண்டுவதாகிவிடும் என்ற அச்சத்தால் அதிகாரிகள் இதைத் தவிர்க்கிறார்கள். சொல்லாமல் விட்டதால் எவரும் விலகி நின்றதாக நான் அறியவில்லை.

மெதடோனும் பியூப்ரநோர்பினும் 2005 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளன. வன்னியின் கிளினிக்குகளில் நீண்டகாலப் பராமரிப்புக்கென அவை கொடுக்கப்படுவதில்லை. மிகையளவு ஏற்படும் இடத்தில் இருக்கக்கூடியவர்கள் கையில் நலொக்சோன் இருக்கவேண்டும் என்று 2014 இல் அந்நிறுவனம் பரிந்துரைத்தது. இங்கே அது அவசர சிகிச்சைப் பிரிவின் தட்டிலிருக்கும் ஒரு குப்பி. ஸ்கொட்லாந்து 2011 முதல் விடுதலையாகும் கைதிகளின் கையிலேயே அதைக் கொடுத்தனுப்பியது. நலொக்சோனால் கிறக்கம் வராது, பழக்கமும் ஏற்படாது. தவறாகக் கொடுத்தாலும் ஓபியொயிட் எடுக்காதவருக்கு ஒன்றும் ஆகாது. உதவி கேட்பவர்மீது உடைமை வழக்குப் போடக்கூடாது என்று கனடா 2017 இல் சட்டமியற்றியது. இங்கே அதற்கொப்பான உறுதிமொழி ஒன்று இருந்திருந்தால், மச்சான் ஓட்டோ தேடி ஓடியிருக்க மாட்டார்.

நோவைப் பற்றி ஒரு குறிப்பு

இத்தகைய நிகழ்வுகளைக் கேட்டதும் ஓபியொயிட் என்றாலே மருந்தலமாரியைப் பூட்டிவிடுவது நிர்வாகங்களின் இயல்பு. வன்னியில் கால் இழந்தவர்களும், உடம்புக்குள் சன்னங்களோடு வாழ்பவர்களும், புற்றுநோயின் கடைசி மாதங்களில் இருப்பவர்களும் உள்ளார்கள். 2017 இல் வெளியான, லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு அறிக்கையின்படி, ஆண்டுதோறும் உலகில் வழங்கப்படும் ஏறத்தாழ 300 தொன் மோர்பின்வகை மருந்தில் வறிய நாடுகளுக்குப் போய்ச்சேருவது 0.1 தொன் மட்டுமே. நமக்குக் கேரளா என்றதும் கடல் வழியாக வரும் கஞ்சாதான் செய்தியாகிறது. வீட்டுக்கே சென்று வாய்வழி மோர்பின் கொடுக்கும் அங்குள்ள நோவுதணிப்புச் சேவை செய்தியாவதில்லை. யார் கொடுக்கிறார், யார் எண்ணிப் பார்க்கிறார், அடுத்த மாதம் யார் வீட்டுக்குப் போகிறார் என்ற ஒழுங்கு இருந்தால், அதே மருந்து பாதுகாப்பானதே.

பின்தொடர்தல்

இவருடைய நரம்பு நோவுக்கு அமிட்ரிப்ரிலின் குறைந்த அளவில் இரவுக்கு ஆரம்பிக்கப்பட்டது. உடற்பயிற்சிச் சிகிச்சைக்கும் உளநலப் பிரிவுக்கும் அனுப்பப்பட்டார். கிளினிக் நாளை அவருடைய வேலையில்லா நாளுக்கு மாற்றினோம். நலொக்சோனை வீட்டுக்குக் கொடுத்தனுப்ப நடைமுறை இல்லாததால், தாயையும் மச்சானையும் விடுதியில் வைத்துப் பழக்கினோம்: தோளைத் தட்டிக் கூப்பிடுவது, மூச்சை எண்ணுவது, வாயால் மூச்சூட்டுவது, பக்கவாட்டில் படுக்கவைப்பது, வாயில் எதையும் ஊற்றாமல் 1990 ஐ அழைப்பது. மச்சான் தலையணையை வைத்து இரண்டுமுறை செய்துகாட்டினார். "மோரைக் குடுத்ததுதான் பிழை என்ன?" என்று தாய் கேட்டபோது, மூச்சு நின்றுகொண்டிருந்ததே முதற்காரணம் என்று மருத்துவத் தாதி விளக்கினார்.

அடுத்த வழக்குத் தவணைக்கென நீதவானுக்கு மருத்துவ அறிக்கையொன்று அனுப்பப்பட்டது. மீண்டும் விளக்கமறியல் விதிக்கப்படுமானால் முதல் வாரத்தில் விலகல் துன்பத்துக்குச் சிறைச்சாலை மருத்துவர் மருந்து கொடுக்கவேண்டும் என்றும், விடுதலைத் திகதியை முன்கூட்டியே வைத்தியசாலைக்கு அறிவிக்கவேண்டும் என்றும், விடுதலையான முதல் 14 நாட்களுக்குள் இருமுறை கிளினிக்குக்கு வருவதைப் பிணை நிபந்தனையாக அல்லாமல் சிகிச்சை ஒழுங்காக ஏற்கவேண்டும் என்றும் அதில் கேட்டிருக்கிறோம். வழக்கு இன்னும் முடியவில்லை. அரச இரசாயனப் பகுப்பாய்வாளரின் அறிக்கைக்காகத் தவணை போடப்பட்டிருக்கிறது.